நெட்டையனும் துறைமுகத்துக்காரனும்

என் அத்தைக்கு இரண்டு காதலர்கள், அதில் ஒருவன் பெண்டாட்டி பிள்ளை உள்ளவன் என்ற செய்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் குடும்பம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது. சொன்னது அத்தையேதான். தன் வாயால், வாட்ஸாப்பில்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. மட்டாஞ்சேரியில் எங்களோடுதான் இருந்தாள். பகலில் துணிக்கடையில் நிற்பாள். மற்ற நேரத்தில் தபால் வழியில் பி.ஏ. ஆங்கிலம். மறுநாள் காலை படகேறி எறணாகுளம் போய் அவள் கடைசிப் பரீட்சை எழுத வேண்டும். அதை எழுதினால்தான் பட்டம். தேனிப் பக்கத்து மாப்பிள்ளை ஒருவரைப் பேசி வைத்திருந்தார்கள். பரீட்சை முடியட்டும் என்று அப்பா பெரிய மனது பண்ணியிருந்தார்.

அந்தப் பரீட்சையில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டாம். பழங்கால ஆங்கிலக் கவிஞர்கள் இருவரின் வாழ்க்கையையும் எழுத்தையும் ஒப்பிட வேண்டும். அத்தையும் தோப்பும்படியில் இருந்த அவள் சிநேகிதியும் படிக்கிற விதமே தனி. இங்கிலீஷ் பெயர்கள் வாயில் நிற்காது என்று அந்தக் கவிஞர்களுக்குப் பட்டப்பெயர் வைத்து, தமிழும் மலையாளமுமாக, தெருவில் யாரைப் பற்றியோ வம்பு பேசுவதுபோல் குரல் பதிவு செய்து மாற்றி மாற்றி அனுப்பிக்கொள்வார்கள். அப்படிப் படித்தால் மறக்காதாம். அன்று சிநேகிதிக்கு அனுப்ப வேண்டியதைக் குடும்பக் குழுவுக்கு அனுப்பிவிட்டு, போனைக் கட்டிலில் போட்டுவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டாள்.

அப்பா தன் போனில் அதை அமுக்கினார். அத்தையின் குரல் கூடமெங்கும் கேட்டது.

"கேட்டியாடி, ரெண்டு பேரையும் நல்லா ஆலோசிச்சுப் பார்த்தாச்சு. துறைமுகத்துக்காரனுக்கு நல்ல சம்பளம், மேலிடத்துல ஆளுண்டு, சிரிக்க வெச்சே ஆளை மயக்கிடும். நெட்டையன் பாவம், கையில காசில்ல. பொண்டாட்டி உண்டு, ஒரு பொண்ணும் உண்டு. இருந்தாலும் என் மனசு நெட்டையன்கிட்டதான் போகுது. சரி, நாளைக்குக் காலைல போட் ஜெட்டியில நில்லு. நான் எப்படியும் வந்துடுவேன்."

மீன் வறுத்துக்கொண்டிருந்த அம்மா அடுப்பை அணைத்தாள். நான் அப்போது எட்டு வயதுச் சிறுமி. நெட்டையன் யார் என்று எனக்குத் தெரியும், அத்தை கதை கதையாகச் சொல்லியிருக்கிறாள். சொல்ல வாயெடுத்தேன். அம்மா பார்த்த பார்வையில் வாய் மூடிக்கொண்டது.

தேவராவிலிருந்து ஒரு போன், வல்லார்பாடத்திலிருந்து ஒரு போன். சுள்ளிக்கல்லிலிருந்து பெரியப்பா போன் செய்யவில்லை, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆளே வந்துவிட்டார். செருப்போடு கூடத்துக்குள் நுழைந்தார். அப்பா எழுந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். அதுவரை வராத பயம் எனக்கு அப்போதுதான் வந்தது. எங்கள் வீட்டில் ஜன்னலைச் சாத்தினால் அடி விழப்போகிறது என்று அர்த்தம்.

துணி மூட்டையோடு இறங்கி வந்த அத்தையிடம் பெரியப்பா போனை நீட்டி, அவள் குரலையே அவளுக்குக் கேட்கப் போட்டார்.

அத்தைக்கு முதலில் சிரிப்பு வந்தது. அதுதான் வினையாகிப்போயிற்று.

"சிரிக்கறியா? நாளைக்கு நீ படி தாண்டினா காலை ஒடிப்பேன். பரீட்சையும் வேண்டாம், ஒரு குந்தமும் வேண்டாம்," என்றார் பெரியப்பா.

"பெரியண்ணா, அது பாடம். அவங்க ரெண்டும் கவிகள். செத்து அறுநூறு வருஷமாச்சு."

யாரும் நம்பவில்லை. அறுநூறு வருஷத்துக்கு முந்தியவனிடம் மனசு போகிறது என்று எந்தப் பெண் சொல்லுவாள்? பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாடமென்றால் இப்போதே, இங்கேயே, முழுதாகச் சொல் என்றார். ஒரு இடத்தில் தடுக்கினாலும் ஹால் டிக்கெட் அடுப்புக்குள் போகும்.

அத்தை நின்றுகொண்டே சொன்னாள். துணி மூட்டையைக்கூட இறக்கவில்லை. இருவரும் ஒரே காலம், ஒரே ஊர், ஒருவரை ஒருவர் பார்த்தார்களா என்பதே தெரியாது. ஒருவர் துறைமுகத்தில் கம்பளி மூட்டைகளுக்குச் சுங்கம் கணக்குப் பார்த்தவர். அரசனே அவருக்குத் தினமும் குடிக்க ஒயின் அனுப்பிவைத்தான். இன்னொருவர் நெட்டையாக, ஒல்லியாக, செத்தவர்களுக்காக ஜெபம் சொல்லி, சாப்பாடு போட்ட வீடுகளில் சாப்பிட்டுப் பிழைத்தவர். முதலாமவர் எல்லா விதமான மனிதர்களையும் ஒன்றாகப் பயணம் போகவிட்டுக் கதை சொல்லவைத்து, அவர்களோடு சேர்ந்து சிரித்தார். நெட்டையருக்குச் சிரிப்பு குறைவு. கனவு கண்டேன் என்று தொடங்கி, உழுகிறவனை நடுவில் நிறுத்தி, பணக்காரர்களைக் கேள்வி கேட்டார். அந்த ஒரே பாட்டை ஆயுசு முழுக்கத் திருத்தித் திருத்தி எழுதினார்.

சொல்லச் சொல்ல அவள் குரல் நிமிர்ந்தது. மிளகுக் கிடங்கில் மூட்டை ஏற்றுகிற பெரியப்பா, சுங்கக் கணக்கு வந்த இடத்தில் தன்னை மறந்து தலையாட்டினார்.

"சரி. செத்தது நிஜம்தானே?" என்றார் கடைசியில்.

அத்தை புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். துறைமுகத்துக்காரரின் தாடி வைத்த படம் இருந்தது. பிறப்பு, இறப்பு ஆண்டுகளை அப்பா விரலால் தொட்டு இரண்டு முறை வாசித்தார். நெட்டையருக்குப் படம் கிடையாது. அதில் மட்டும் பெரியப்பாவுக்குக் கொஞ்சம் சந்தேகம் மிஞ்சியது.

பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னல்கள் திறந்தன. அம்மா மீனைத் திரும்ப அடுப்பில் வைத்து, பெரியப்பாவுக்குச் சாயா போட்டாள். "பாடம்தான், யாரும் பயப்படண்டா" என்று பெரியப்பா குழுவில் குரல் அனுப்பினார். மறுநாள் அப்பாவே அத்தையைப் படகு ஜெட்டிவரை கொண்டுபோய் விட்டார். அங்கே நின்றது பெண்தான் என்று பார்த்துவிட்டே திரும்பினார். அத்தை பாஸானாள். அடுத்த மாதம் தேனிக்காரரோடு கல்யாணமும் ஆனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சிரித்தபோது அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவ்வளவு நன்றாகப் பதில் சொல்லி ஜெயித்தவள் ஏன் முகத்தைக் கழுவிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. போன வருஷம்தான் அது புரிந்தது. போனில் யாரோடு பேசுகிறாய் என்று அப்பா என்னிடம் கேட்டு, நான் பதில் சொல்லுமுன்பே எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனார். என்னோடு பேசிக்கொண்டிருந்தவன் உயிரோடு இருந்தான்.