ரொட்டியின் அடியில் மூன்று தட்டு

ரொட்டியைக் கவிழ்த்துப் பிடித்து, காதோடு வைத்து, அடிப்பக்கத்தில் விரல் முட்டியால் மூன்று தட்டுத் தட்டுகிறார் மாலகி. மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறது. "எல்லாரும் வாய மூடுங்க. ரொட்டி என்னமோ சொல்லுது." காலிக் குடம் மாதிரி சத்தம் வந்தால் வெந்துவிட்டது, மந்தமாக வந்தால் மறுபடி அடுப்புக்குள் போக வேண்டும். கிளேர் மாவட்டக் கடலோரத்தில் எங்கள் ஊர் வீடுகளில் எல்லாம் இதுதான் சோதனை. ஆனால் மாலகி அளவுக்கு அதில் கர்வம் உள்ளவர் கிடையாது.

தொழிலும் அப்படித்தான். முப்பத்தோரு வருடமாக லாரியில் வீடு வீடாகப் போய், குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் மண்ணெண்ணெயைத் தொட்டிகளில் நிரப்புகிறார். கொல்லைப்புறத் தொட்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "கால் தொட்டி கெடக்கு, ஈஸ்டர் வரைக்கும் தாங்கும்" என்பார். தாங்கும். அவர் சமையலறைக் கடிகாரத்தில் பேட்டரியே இல்லை. "கடிகாரத்துக்கு ரொட்டியப் பத்தி என்னய்யா தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், கோட்டைக்கூடக் கழற்றாமல் மாவில் கைவைப்பார். கரகரப்பான கோதுமை மாவு, உப்பு, சமையல் சோடா, மோர். ஈஸ்ட்டும் இல்லை, காத்திருப்பும் இல்லை. விரல்களை விரித்து நாலு சுற்று, அவ்வளவுதான். மேலே ஒரு சிலுவைக் கீறல்; உள்ளே மாட்டிக்கொண்டதாக ஊரில் சொல்லும் குட்டித் தேவதைகள் வெளியே போக நாலு பக்கமும் ஒரு குத்து. பக்கத்து வீட்டுக்காரனான நான் ஒருமுறை உதவுகிறேன் பேர்வழி என்று அழுத்திப் பிசைந்துவிட்டேன். "அதென்ன சிமெண்டா? கைய எடு!" என்று விரட்டிவிட்டார்.

போன அக்டோபரிலிருந்து ரொட்டியின் நடுப்பகுதி வேகவில்லை. கத்தியில் பசையாக ஒட்டியது. லாரி பம்ப்பின் இரைச்சல் மனிதரின் காதைத் தின்றுவிட்டது. அவருக்கு மட்டும்தான் அது தெரியாது; எப்படித் தட்டினாலும் வெந்த சத்தம் என்றே நினைத்து எடுத்துவிடுவார். அவர் மனைவி டிம்ப்னா முதுகைக் காட்டி நின்று ரொட்டியை அறுத்து, ஓரங்களை வாட்டி, வெண்ணெயை அப்பிக் கொடுப்பாள். நடுப்பகுதி கோழிவாளிக்குப் போகும். கோழிகள் கொழுத்தன. "நீ மட்டும் வாயத் தொறந்தே, இந்த வீட்டுல உனக்கு இனிமே டீ கெடையாது" என்று என்னை மிரட்டினாள். பிறகு குரல் இறங்கியது. "காது போச்சுன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் ஒடிஞ்சு போயிடுவாருப்பா."

நானும் ஆறு மாதம் "பிரமாதம், மாலகி" என்று சொல்லிச் சாப்பிட்டேன். பாவம்தான், என்ன செய்ய.

போன செவ்வாய்க்கிழமை டிம்ப்னாவுக்குக் காய்ச்சல். கோழிகளுக்கு இரை போட மாலகி போனார். வாளிக்குள் பார்த்தபடி அவர் வெகுநேரம் நின்றதை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். என்னைக் கண்டதும், "கோழிங்க நல்லாத்தான் தின்னுதுங்க" என்றார்.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் சுட்டார். கவிழ்த்தார். தட்டினார். மறு காதுக்கு மாற்றி, இன்னும் பலமாகத் தட்டினார். நானும் டிம்ப்னாவும் மேசைவிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அதெல்லாம் வெந்துடுச்சுய்யா, கொண்டா இப்படி" என்றாள் அவள், அவசரமாக.

"சும்மா இரு."

மேசையைச் சுற்றிக்கொண்டு அவளிடம் வந்தார். காதை மூடியிருந்த நரைமுடியை ஒரு விரலால் ஒதுக்கினார். சூடு படாமல் துண்டோடு ரொட்டியை அவள் காதருகே பிடித்து, மூன்று தட்டுத் தட்டிவிட்டு, அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.