பானெட்டில் விழுந்த குழிகள்

பழனிவேலுக்குப் பொறாமை அதிகம். புறம் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சிலர் சொல்லிக்கொள்வார்களே, அதைப் போல டீக்கடையில் உட்கார்ந்து அவரே சொல்லுவார்.

மந்தாரக்குப்பத்தில் இருக்கும் என் டிராக்டர் ஷெட்டில் பழைய பாகங்களைக் கழுவித் தேற்றுவது அவர் வேலை. அதற்கு முன் பதினோரு வருஷம் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்டில் இருந்தார். கன்வேயர் உருளைகளில் அப்பிய கரிமண்ணைச் சுரண்டுகிற வேலை. பெர்மனென்ட் ஆகவில்லை. கூடவே சுரண்டிய தங்கராசுக்கு ஆனது, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸும் கிடைத்தது. அந்தத் தெரு வழியாகப் போனால் ஷெட்டுக்குச் சீக்கிரம் வரலாம். இவர் சுற்றிக்கொண்டுதான் வருவார்.

வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. துருவேறிய கியர் பெட்டியை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கம்பி பிரஷ் எங்கே, பல் தேய்க்கிற பிரஷ் எங்கே என்று இடம் பார்த்துத் தேய்ப்பார். நட்டின் மரைக்குள் நூலை விட்டு இழுத்து அழுக்கெடுக்கிற மனுஷனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் எல்லாவற்றையும் பூட்டி மூடியைப் போட்டுவிட்டால் அவ்வளவுதான். உள்ளே போனதை யார் பார்க்கப் போகிறார்கள்?

எல்லாரும் பார்ப்பது பெயின்ட்டை. அதை அடிப்பவன் அருண்ராஜ், வேறு ஷெட்டுகளுக்கும் போய் அடிக்கிறவன். அவர் இரண்டு மாதம் கழுவிய வண்டிக்கு இவன் ஒரே நாளில் சிவப்பு அடிப்பான். வண்டிக்காரர் அவன் தோளைத் தட்டுவார், கூட நின்று போட்டோ எடுத்துக்கொள்வார். அந்த நேரம் பார்த்துப் பழனிவேல் கழுவின எண்ணெயைக் கொட்டப் பின்பக்கம் போய்விடுவார். இன்னொன்றும் அவரை உறுத்தியது. மற்ற ஷெட்டுகளில் அருண்ராஜ், பிசுக்கு இருக்கிறதா என்று தகரத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பெயின்ட் அடிப்பான். இங்கே தடவ மாட்டான்.

"எவ்ளோ திமிரு பாருங்க. நான் தொட்டத அவன் தொடக்கூட மாட்டான்" என்பார் என்னிடம்.

2014 ஆயுத பூஜைக்கு இரண்டு மாதம் இருக்கும். முத்தாண்டிக்குப்பம் சிவப்பிரகாசம், மைன்ஸில் பெர்மனென்ட் ஆள், முந்திரிக்கொல்லையில் பதினைந்து வருஷம் மழையில் நனையவிட்ட தன் அப்பாவின் டிராக்டரைக் கொண்டுவந்தார். பூஜைக்கு ஓட்டியே ஆக வேண்டுமாம். ஏர் கிளீனருக்குள் எலி கூடு கட்டியிருந்தது. ஸ்டீயரிங் பெட்டியில் கிரீஸ் கல்லாகிக் கிடந்தது. பழனிவேல் இரண்டு மாதம் அதோடு மல்லுக்கட்டினார். ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் சிவப்பிரகாசம் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "பெயின்ட்டு எப்பங்க? அருண்ராஜ்தான அடிக்கிறாரு?" காலடியில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிரவே மாட்டார்.

பூஜைக்கு முதல் நாள் காலை. பெயின்ட் அடிக்குமுன் தகரத்தைத் தின்னரில் துடைத்து, பிசுக்கில்லாமல் கொடுப்பதும் பழனிவேல் பொறுப்புதான். அன்றும் துடைத்தார். துடைத்து முடித்துவிட்டு, கியர் எண்ணெய் துடைத்த துணியை எடுத்துப் பானெட்டின் மேல் லேசாக ஓட்டிவிட்டார். அப்போது எனக்குத் தெரியாது. கை நடுங்கவில்லையா என்று பிறகு கேட்டேன். "இல்லீங்க. வயித்தெரிச்சல்ல கை நல்லாதான் ஓடிச்சி" என்றார்.

அருண்ராஜ் வந்தான், வழக்கம்போல் தடவிப் பார்க்காமல் ஸ்ப்ரே கன்னால் அடித்தான். இரண்டாவது இழுப்பிலேயே பானெட் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக விழுந்தது. பக்கத்தில் நின்ற சிவப்பிரகாசம் முகம் மாறிவிட்டது.

"இன்னாப்பா இது? ஒழுங்கா தொடைக்கலையா?"

"அண்ணன் தொடச்சதுங்க, அதுல சந்தேகமே வேணாம். அவரு தொடச்சா நான் கை வெச்சிப் பாக்கறதே இல்ல. எங் கம்ப்ரெசர்தான் எண்ணெ கக்கிகினு இருக்குது போல. தப்பு என்னுதுங்க."

சிவப்பிரகாசம் அவனைப் பிடி பிடியென்று பிடித்தார். இதற்காகத்தானே பழனிவேல் ஆசைப்பட்டார். ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்ததாம். அதற்குப் பிறகுதான் நெஞ்சு எரிந்திருக்கிறது. பேரும் அவனுக்கு, பழியும் அவனுக்கா? தான் கெடுத்ததைக்கூட அவன் எடுத்துக்கொண்டான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"கம்ப்ரெசர் நல்லாத்தாங்க இருக்குது" என்றார். "நான்தான் எண்ணெத் துணியப் போட்டுத் தொடச்சேன். வேணும்னுட்டேதான்."

சிவப்பிரகாசம் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"யாருங்க இவுரு?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. "பழனிவேலுங்க. உங்க வண்டிய ரெண்டு மாசமா கழுவனவரு" என்றேன். இரண்டு மாதத்தில் ஒரு நாளாவது நான் அதைச் சொல்லியிருக்கலாம்.

அருண்ராஜ் ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்தான். தின்னர் கேனை எடுத்து அவர் கையில் கொடுத்தான். பழனிவேல் ஈரப் பெயின்ட்டை வழித்து, பானெட்டை மூன்று தடவை துடைத்தார். அவன் கிட்டே வந்து உள்ளங்கையை வைத்து மெதுவாக, ஓரம் வரைக்கும் தடவிப் பார்த்தான். பிறகுதான் அடித்தான். வண்டி பூஜைக்குப் போய்ச் சேர்ந்தது.

இருவரும் இன்னும் என் ஷெட்டில்தான் வேலை செய்கிறார்கள், பேசிக்கொள்கிறார்கள். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் அருண்ராஜ் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடிக்கிறான். பழனிவேல் இப்போது பின்பக்கம் போவதில்லை. தகரத்தின் மேல் போகிற அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.