நாலு வீட்டுக்கும் ஒரே குருவி

பக்கவாதத்தில் அப்பாவுக்குப் பேச்சு போன பிறகு, தி.நகர் கடை ஒன்றில் ஒயர் இல்லாத காலிங் பெல் வாங்கினேன். பட்டன் அவர் கையில், பெல் கூடத்தில். அழுத்தினால் குருவி கத்தும், நான் ஓடுவேன். தொண்ணூறுகளின் கடைசியில் அது புதுசு. மயிலாப்பூரில் எங்கள் ஃபிளாட்டுக்காரர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். எந்தக் கடை என்று வேறு பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். ஆறே மாதத்தில் நாலு வீட்டு வாசலில் அதே பெல்.

அத்தனையும் ஒரே அலைவரிசை. எந்த வாசலில் யார் அழுத்தினாலும் எங்கள் கூடத்திலும் குருவி கத்தியது. ஒவ்வொரு தடவையும் ஓடினேன். பாதி நேரம் அப்பா தூங்கிக்கொண்டிருப்பார்.

நவராத்திரி வந்தது. கொலு பார்க்க வந்தவர்கள் வீடு வீடாக ஏறி இறங்க, குருவி ஓயவே இல்லை. “வந்தவாளோட ரெண்டு வார்த்தை பேச முடியலை. செத்த நேரம் அதைக் கழட்டி வைங்கோளேன்” என்றாள் என் மனைவி. பெல்லின் பேட்டரியை நானேதான் கழற்றினேன். நடுநடுவே எட்டிப் பார்த்துக்கொண்டால் போயிற்று என்று நினைத்தேன். சுண்டல் கொடுத்து, யாரோ பாடியதைக் கேட்டு, ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது.

உள்ளே போனபோது அப்பா கட்டில் ஓரமாகச் சரிந்து கிடந்தார். மூச்சு இல்லை. அவர் கட்டைவிரலுக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவே பட்டன் அழுந்தியிருந்தது. அழுத்தும்போது மட்டும் எரிகிற சின்னச் சிவப்பு விளக்கு, இன்னும் எரிந்துகொண்டிருந்தது.