ஐந்து துண்டில் ஓர் அறை

என் கணவருக்கு வீட்டுத் தரகர் வைத்த பெயர் மூலைக்காரர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் இவர் மனிதர்களைப் பார்க்க மாட்டார். நேரே போய் ஒரு மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவார். முதல் தடவை பார்க்கிற வீட்டுக்காரர்கள் பயந்துபோவார்கள். "அவருக்கு மயக்கம் கியக்கம் வருதா, தண்ணி கொண்டாரட்டுமா?" என்று ஓர் அம்மாள் கேட்டாராம். இவருக்கு ஒன்றுமில்லை. கேமராவுக்குத்தான் அகலம் போதவில்லை.

வாடகைக்கும் விற்பனைக்கும் வரும் வீடுகளைப் படம் பிடித்துக் கொடுப்பது இவர் தொழில். கேமரா, புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் வாங்கும் எஸ்.எல்.ஆர். கூடவே ஒரு லென்ஸ் வந்தது. அதில் பதினெட்டிலிருந்து ஐம்பத்தைந்து வரை எழுதியிருக்கும். எண் குறையக் குறைய அகலம் கூடும்; பதினெட்டில் வைத்தால்தான் அதிக அகலம். ஆனால் இந்த ரகக் கேமராவுக்குள் படம் பதிகிற சென்சார் சிறிது. ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு, பெரிய கேமராவில் இருபத்தேழு வைத்து எடுத்த மாதிரிதான் படம் விழும். கல்யாணமான முதல் வாரம் இவர் என்னிடம் மணிக்கணக்காகப் பேசியது இதைத்தான். புதுப் பெண்டாட்டியிடம் பேச வேறு விஷயமே கிடைக்கவில்லை, பாருங்கள்.

நல்ல அகல லென்ஸுக்குக் கேமராவைவிட விலை அதிகம். அதனால் ஒரு தடவை, லென்ஸின் முன்னால் திருகி மாட்டுகிற மலிவான கண்ணாடி ஒன்றை வாங்கி வந்தார். அகலம் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஓரமெல்லாம் கலங்கி, நேரான அலமாரி வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. தரகர் படத்தைப் பார்த்துவிட்டு, "சார், அலமாரிக்கு எத்தனாவது மாசம்?" என்று கேட்டார். அந்தக் கண்ணாடி இன்றைக்கும் எங்கள் வீட்டில் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது.

அதற்குப் பிறகுதான் துண்டு துண்டாக எடுக்க ஆரம்பித்தார். கேமராவை நிமிர்த்திச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, இடது கோடியிலிருந்து வலது கோடிவரை ஐந்து படம். ஒவ்வொன்றிலும் முந்தைய படத்தில் மூன்றில் ஒரு பங்கு திரும்ப வர வேண்டும். வெளிச்சத்தின் அளவு ஐந்துக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும்; கேமரா தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ள விடக் கூடாது. திரும்பும்போது உடம்பைத் திருப்பினால் கெட்டது. லென்ஸ் இருந்த இடத்திலேயே இருக்க, இவர் அதைச் சுற்றி நகர வேண்டும். சாமி சுற்றுகிற மாதிரி இவர் கேமராவைச் சுற்றுவதைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

அந்த ஐந்தையும் கணினியில் ஒட்டுகிறவள் நான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு லாரி என் ஸ்கூட்டரை இடித்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்ச்சி இல்லை. அதை இங்கே அழுதுகொண்டு சொல்லப் போவதில்லை, அழுது முடித்தாயிற்று. சக்கர நாற்காலி வந்தது, இந்த வேலையும் வந்தது. காலையில் இவர் கிளம்பிப் போவார், மதியத்துக்குள் படங்கள் வந்து சேரும். நான் ஓரத்தோடு ஓரம் பொருத்துவேன். சாய்ந்த சுவரை நிமிர்த்துவேன், இரண்டு துண்டிலும் வந்துவிட்ட விளக்கில் ஒன்றை அழிப்பேன். ஐந்து ஒல்லியான துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, திடீரென்று ஓர் அறை மூச்சு விட்டு விரியும். அந்த நிமிஷம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

காலி அறைகள் வேறு ரகம். வெயில் தரையில் படுத்திருக்கும். சுவரில் யாரோ மாட்டியிருந்த படத்தின் வெளுத்த சதுரம் இருக்கும். வேலை முடிந்த பிறகும் மூட மனம் வராமல் நான் அவற்றுக்குள் போய்விடுவேன். ஜன்னல் பக்கம் என் மேஜை, இந்தச் சுவரோரம் கட்டில், அங்கே துணி மடித்து வைக்கிற இடம். அப்படி அரைத் தூக்கத்தில் எத்தனையோ வீடுகளில் குடியிருந்திருக்கிறேன். ஒரு வீட்டிலும் வாடகை கொடுத்ததில்லை.

நாங்கள் இருக்கிற வீட்டிலோ, கூடத்துக்கும் குளியலறைக்கும் நடுவே இரண்டு படி. இரண்டே இரண்டு படி! நல்ல காலில் நடந்தபோது அவை இருப்பதே எனக்குத் தெரியாது. இப்போது இவர் என்னைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். வீட்டுக்காரர் படியை இடிக்கவும் விட மாட்டார், பலகை அடிக்கவும் விட மாட்டார். இவர் பத்து மணிக்குப் போனால் நாலு மணிக்கு வருவார். அதுவரை நான் தண்ணீர் குடிக்க யோசிப்பேன். முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒரு வாய் தண்ணீருக்கு மணி பார்க்கிறாள் என்றால் அது என்ன வாழ்க்கை? எனக்கு மாடமாளிகை வேண்டாம். யாரையும் கூப்பிடாமல் நானே குளியலறைக்குப் போய், நானே திரும்பி வர ஒரு வீடு வேண்டும். அவ்வளவுதான்.

மாதத்துக்கு இருபது வீடு பார்க்கிற மனிதர் இவர். ஒரு வருடமாகத் தேடிக்கொண்டும் இருந்தார். ஒரு நாள் மதியம் படங்கள் வருவதற்கு முன்னால் போன் வந்தது.

"ஏய், இன்னைக்கு அனுப்புறத முதல்ல ஒட்டிப் பாரு. வேற எதையும் தொடாத."

"ஏன், அரண்மனையா?"

"தரைத்தளம். ஒரு படி கூட கிடையாது. குளியலறை அந்த ரூமுக்குள்ளயே இருக்கு. நீ பாரேன்!"

ஒட்டினேன். என்னவென்று சொல்வது! இடது பக்கம் நீளமான ஜன்னல், வெளியே ஏதோ மரத்தின் பச்சை. வெளிச்சம் ஜன்னலிலிருந்து இறங்கி அறையின் அந்தக் கோடிவரை சோம்பலாகப் பரவியிருந்தது. வலது கோடியில் திறந்த குளியலறைக் கதவு, அகலமான கதவு. நடுவில் தரை, தரை, தரை. அந்தத் தரையைப் பார்த்தே என் கண் நிறைந்துவிட்டது.

அந்த வாரம் முழுக்க நான் அந்த அறையில்தான் இருந்தேன். கண்ணை மூடினால் நாற்காலி அந்த வெயிலுக்குள் போகும். ஒரு சக்கரத்தைப் பிடித்து மற்றதைத் தள்ளுவேன். அறை என்னைச் சுற்றி மெதுவாகத் திரும்பும். ஜன்னல், சுவர், கதவு, மறுபடி ஜன்னல். யாரும் என்னைப் பிடிக்கவில்லை, யாரும் "பாத்து, பாத்து" என்று கத்தவில்லை. பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே இவர், "கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டா உனக்கு வெயில் அடிக்குமே" என்பார். "அடிக்கட்டுமே, நான் என்ன ஐஸா?" என்பேன். நாங்கள் அப்படிப் பேசிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என் தம்பி காரில் எங்களை அழைத்துப் போனான். தரகர் வாசலில் சாவியோடு நின்றார். படி இல்லை, உண்மைதான். வாசல் கதவைத் தாண்டினேன். கூடத்தைத் தாண்டினேன். அதற்கப்புறம் ஒரு பாசேஜ். ஒரு ஆள் தாராளமாகப் போகலாம். என் நாற்காலி நேராகப் போனால் இரண்டு பக்கமும் இரண்டு விரல் இடம் மிஞ்சியது. பாசேஜின் பாதியில், வலது பக்கம், அந்த அறை.

திரும்பினேன். கால் வைக்கிற தட்டு எதிர்ச் சுவரில் இடித்தது. பின்னால் வந்து மறுபடி திரும்பினேன். பின் சக்கரம் கதவு நிலையில் மாட்டிக்கொண்டது. மூன்றாவது தடவை எந்தப் பக்கமும் அசையவில்லை. அறை இதோ, கைக்கு எட்டுகிற தூரத்தில். அதே வெயில், அதே தரை. உள்ளே போகத்தான் வழியில்லை.

"அக்கா, ஒரு நிமிஷம், நான் தூக்கி உள்ள வச்சுடறேன்" என்றான் தம்பி.

"தூக்கித்தான் போகணும்னா என் வீட்டுலயே இருந்துக்கறேன்டா!" என்று அவன் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவன் என்ன செய்வான்?

இவர் அறைக் கதவுக்கு நேரெதிரே இருந்த பாசேஜ் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதில் உள்ளங்கையை வைத்தார். "இங்கதான் நின்னேன்" என்றார். "ரூமுக்குள்ள நின்னா முழுசா வரல. அதான் வெளிய வந்து, இந்தச் சுவத்துல முதுக ஒட்டி வச்சு எடுத்தேன். முதுகு ஒட்டியிருந்துச்சு, கேமரா கதவு நிலையில இடிச்சுது. அவ்வளவு நெருக்கம். எனக்கு எப்படித் தோணாம போச்சு?"

எனக்கும்தானே தோணவில்லை. அந்தப் படத்தை ஒட்டியவள் நான். எந்தச் சுவரை எவ்வளவு இழுத்து நிமிர்த்தினேன் என்று எனக்குத் தெரியும். துண்டுகளின் ஓரத்தில் வந்திருந்த கதவு நிலையை வெட்டி எறிந்ததும் இதே கைதான். பத்துக்கு எட்டு அறையைக் கல்யாண மண்டபமாக்கி ஊருக்கெல்லாம் காட்டுகிற நாங்கள், எங்கள் படத்தை நாங்களே நம்பி ஒரு வாரம் குடித்தனம் நடத்தியிருக்கிறோம். எங்கே நின்று எடுத்தீர்கள் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. தரகர் மட்டும், "சார், நீங்க உள்ள போயி வந்த ஆளுதானே?" என்று முணுமுணுத்தார். உள்ளே போய் வந்தவர்தான். ஆனால் வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்ததும், அறை மறந்துபோய்ப் படம்தான் மனதில் தங்கிவிட்டது. இவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. என் மேல் அதைவிட அதிகம் வந்தது.

இரண்டு நாள் எங்கள் வீட்டில் சோற்றுக் கரண்டிச் சத்தம்தான். மூன்றாம் நாள் காலை இவர் கட்டிலருகே வந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"இன்னைக்கு ஒரு நாள் உன் நாற்காலிய எனக்குத் தர்றியா?"

"என் காலக் கழட்டிக் குடுன்னு கேளுங்களேன்."

"அதத்தான் கேக்குறேன்" என்றார்.

விளையாட்டாகச் சொல்லவில்லை என்று முகம் சொன்னது. எங்கே, எதற்கு என்று கேட்டும் வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டு, எனக்கு வேண்டியதெல்லாம் கட்டிலைச் சுற்றி அடுக்கி வைத்துவிட்டு, நாற்காலியைத் தம்பியின் காரில் ஏற்றிக்கொண்டு போனார். நான் விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தேன். அன்று படம் எதுவும் வரவில்லை. வெயில் சுவரில் ஏறி, நகர்ந்து, இறங்கியது. எங்கோ ஒரு காலி வீட்டில் சக்கரம் உருளும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. தூங்கினேனா விழித்திருந்தேனா தெரியாது.

இருட்டுவதற்கு முன் வந்துவிட்டார். சட்டையெல்லாம் சுண்ணாம்பு. கட்டில் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"மூணு வீடு. வாசல்லேந்தே உக்காந்துட்டேன், எழுந்திருக்கவே இல்ல. தரகர் பைத்தியம் புடிச்சிருச்சுன்னு முடிவே கட்டிட்டாரு. முதல் வீட்டுல சமையல் ரூமுக்குள்ள போயிட்டேன், திரும்பி வர முடியல. ரெண்டாவதுல வாசல் நிலையே தாண்டல."

"மூணாவது?"

"சின்ன வீடு. பாக்க ஒண்ணும் இல்ல. ஜன்னல தொறந்தா பக்கத்து வீட்டுச் சுவரு. ஆனா ரூமுலேந்து குளியலறைக்குப் போனேன். உள்ளயே ஒரு சுத்து சுத்தினேன். திரும்பி வந்தேன். நாலு தடவ போயி வந்தேன்."

"படம் எங்க? காட்டுங்க."

"கேமரா கொண்டுபோகல. நாற்காலிய ஓட்ட ரெண்டு கையும் வேணுமே."

கையை அப்போதுதான் பார்த்தேன். இரண்டு கைகளிலும் விரல் முட்டிகள் தோல் உரிந்து சிவந்திருந்தன. கதவு நிலையில் சக்கரத்தோடு கையும் சேர்ந்து உரசுகிற அதே இடம். எனக்கு அங்கே தோல் காய்த்துப்போய் ஒரு வருடம் ஆகிறது. இவர் தன் கையையும் என் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெகுநேரம் பார்த்தார்.

"தினமுமா?" என்றார்.

"அந்த மூணாவது வீட்டுக்கு நாளைக்கே சரின்னு சொல்லிடுங்க" என்றேன்.

"நீ பாக்கவே இல்லையே?"

"வேணாம்" என்று சொல்லிவிட்டு, தலைமாட்டில் இருந்த சொம்புத் தண்ணீரை எடுத்து, மணி பார்க்காமல் முழுதும் குடித்தேன்.