தண்ணீர் குடிக்காத வருடங்கள்

எங்கள் கிளை அலுவலகத்தில் கழிப்பறை ஒன்று இருந்தது. அதற்குப் பூட்டு போட்டிருந்தார்கள். சாவி மேலாளரின் மேஜை இழுப்பறைக்குள் இருக்கும். ஆண்கள் போய்க் கேட்டால் தலையை நிமிர்த்தாமலே எடுத்துக் கொடுப்பார். நான் தட்டச்சராகச் சேர்ந்த முதல் நாள் மத்தியானம் போய்க் கேட்டேன். அன்றைக்குத்தான் தலையை நிமிர்த்தினார்.

"அது ஆம்பளைங்க பொழங்குறதும்மா. நீ போறது நல்லா இருக்காது. பின்வீட்டு அம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன். அங்க போய்க்க."

எழுபதுகளின் கடைசி அது. போடியில் கடைவீதியை ஒட்டிய சந்து ஒன்றில், ஏலக்காய் வியாபாரி ஒருவரின் கட்டடத்து மாடியில் எங்கள் அலுவலகம். நாடு முழுக்கக் கிளை வைத்திருந்த பெரிய காப்பீட்டு நிறுவனம். மலைக்கு ஏறும் ஜீப்புகள், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்கள், எஸ்டேட் ஆட்களுக்கு நேரும் விபத்துகள் என்று எல்லாவற்றுக்கும் எங்களிடம் பாலிசி எடுப்பார்கள். கீழே, சரக்கு மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். மாடியில் ஏழெட்டு ஆண்களும் நானும். சிலமலையிலிருந்து காலையில் பஸ் ஏறினால் திரும்ப வீடு சேர இருட்டிவிடும். தட்டச்சில் ஹையர் பாஸ் செய்து, பரீட்சை எழுதி, நேர்முகத்தில் தேறி வந்தவள் நான். எங்கள் தெருவில் இப்படி ஒரு வேலைக்குப் போன முதல் பெண். அந்தப் பெருமையெல்லாம் மாடிப்படி ஏறும்வரைதான்.

பின்வீட்டு அம்மா முதலில் நல்லபடியாகத்தான் இருந்தார். "வெரசா போயிட்டு வந்துரு ஆத்தா, ஆளுக சாப்பிட வர்ற நேரம்" என்பார். கொல்லைக்குப் போக அவர்கள் சமையலறையைத் தாண்ட வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அவருடைய வீட்டுக்காரர், நான் கடந்து போகும்வரை தட்டில் கை வைக்காமல் காத்திருப்பார். ஒருநாள் அந்த அம்மா வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"ஏத்தா, நீ தூரமா இருக்கையில இங்கிட்டு வந்துறாத. சாமி கும்புடுற வீடு."

"அது எப்பன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீதான் சொல்லணும்."

நான் சொல்லவில்லை. அந்த வீட்டுக்கும் அதன் பிறகு போகவில்லை. காலையில் காபி குடிப்பதை நிறுத்தினேன். தண்ணீரை நிறுத்தினேன். மத்தியானச் சோற்றோடு ஒரு மடக்கு, விக்காமல் இருக்க. சாயங்காலம் பஸ்ஸில் நிற்கும்போது அடிவயிறு கல்லாக இருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் பையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கொல்லைக்கு ஓடுவேன். "உத்தியோகம் பாக்குற பிள்ளை ஓடுற ஓட்டத்தைப் பாரு" என்று அம்மா சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

கூட வேலை பார்த்த ஆண்கள் அடிப்படையில் நல்லவர்கள் என்று இந்த இடத்தில் எழுதுவது வழக்கம். நான் எழுத மாட்டேன். அவர்களுக்கு எல்லாம் தெரியும். நாற்காலியில் நான் நெளிவதைப் பார்த்து ஒருவர், "என்னம்மா, மிஷினோட சேந்து நீயும் ஆடுற?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். தொழிற்சங்கத்துக்குச் செயலாளராக இருந்த குமாஸ்தா என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அந்த உரிமையில் அவரிடம் போய்ச் சொன்னேன்.

"அண்ணே, அடுத்த கூட்டத்துல இதைப் பேசுங்க."

"எதை?"

"கக்கூசு சாவியை."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "இதையெல்லாம் மைக்குல பேச முடியுமா தங்கச்சி? பிரமோஷன், டிரான்ஸ்ஃபர்னா சொல்லு, கிழிச்சிருவேன்."

இப்படியே வருடங்கள் போயின. எண்பதுகளின் நடுவில் நிறுவனம் மருத்துவக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. ஆஸ்பத்திரியில் படுத்தால் செலவை நாங்கள் கொடுப்போம் என்று எஸ்டேட் முதலாளிகளிடமும் வியாபாரிகளிடமும் சொல்லி பாலிசி பிடிக்க வேண்டும். மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. ஊர்ப் பெரிய மனிதர்கள் முன்னால் பேசுவதற்கு உடல்நலத்தைப் பற்றி ஒரு உரை தயாரித்தார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். முடித்துவிட்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"தண்ணி நெறையாக் குடிக்கணும்னு ஒரு வரி சேத்துக்கலாம் சார்" என்றேன்.

"அட, நல்லாருக்கே. சேத்துக்க" என்றார்.

பிறகு மலைமேல் ஒரு எஸ்டேட்டில் கூட்டம் போட்டார்கள். அங்கே அலுவலக வேலையில் இருப்பவர்களின் மனைவிமாரிடம் பேச ஒரு பெண் வேண்டுமென்று என்னையும் ஜீப்பில் ஏற்றினார்கள். பின் சீட்டில் இரண்டு ஆண்களுக்கு நடுவே நான். போடிமெட்டுக்கு ஏறும் வளைவுகளில், ஒவ்வொரு குலுக்கலுக்கும் பல்லைக் கடித்தேன். மெட்டில் டீக்கடைப் பக்கம் வண்டி நின்றது. ஆண்கள் எல்லாரும் இறங்கி, ரோட்டோரமாகப் போய் முதுகைக் காட்டி நின்றார்கள். திரும்பி வந்து டீ சொன்னார்கள். "நீ குடிக்கலையா?" என்று மேலாளர் கேட்டார். மனிதருக்குக் கரிசனம்.

எஸ்டேட் போய்ச் சேர்ந்தபோது என்னால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. கூட்டம் நடக்கும் கொட்டகைக்குப் போகாமல், காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்களை நோக்கி நடந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர்களில் ஒருத்திக்குப் புரிந்துவிட்டது. "உள்ள வா கொச்சு. அட்டை கெடக்கும், சேலையைத் தூக்கிப் பிடி" என்று, சின்னப் பெண்ணைக் கூப்பிடும் மலையாள வாடையில் சொல்லி ஏலச்செடிகளுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். மூன்று பெண்கள், மழைக்குத் தலையில் போட்டிருந்த சாக்கை அவிழ்த்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கம் பார்த்து நின்றார்கள்.

"ஒங்க ஆபீசுல கக்கூசு இல்லியா?" என்று என்னைக் கூட்டிவந்தவள் திரும்பாமலே கேட்டாள்.

"இருக்கு. ஆம்பளைங்களுக்கு."

"பொறவு ஒன்னைய என்னத்துக்கு வேலைக்கு எடுத்தானுவ?"

அந்தக் கேள்வியை ஒரு சங்கத்துக்காரன் கேட்டிருக்க வேண்டும். காலில் ஏறியிருந்த அட்டையை அவளே மூக்குப்பொடி வைத்து எடுத்துவிட்டாள்.

அந்த மழைக்காலத்திலேயே நான் படுத்துவிட்டேன். குளிர்க் காய்ச்சல், இடுப்பில் கத்தி இறக்கியது போல் வலி. தேனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பரிசோதித்த பெண் டாக்டர், "நீர்த்தாரையில தொத்து. சிறுநீரகம் வரைக்கும் ஏறிருச்சு. ரொம்ப நேரம் அடக்குவீங்களா?" என்றார்.

"பகல் முழுக்க."

"எங்க வேலை பாக்குறீங்க?"

சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்ஷூரன்ஸ் போடுறாங்களே, அந்த ஆபீசா?"

குணமாகித் திரும்பிப் போன அன்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேலாளர் சொன்னார். "பொம்பளைங்களை வேலைக்கு எடுத்தா இதான். ஏதாவது ஒரு நோவு சொல்லிட்டுப் படுத்துக்குவாங்க." செயலாளர் பேனாவுக்கு மை போட்டுக்கொண்டிருந்தார். நான் என் மேஜைக்குப் போய் மிஷினில் காகிதத்தைச் செருகினேன்.

கொஞ்ச நாளில் மதுரையிலிருந்து மேலதிகாரி ஆய்வுக்கு வந்தார். மலையைப் பார்க்கலாம் என்று மனைவியும் கூட வந்திருந்தார். காபி, வடை எல்லாம் முடிந்த பிறகு அந்த அம்மா மெதுவாக, "இங்க பாத்ரூம் இருக்கா?" என்று கேட்டார்.

மேலாளர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "இருக்குங்கம்மா, இருக்குங்கம்மா." இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்தார். ஆள் விட்டு வாளியில் தண்ணீர் வைக்கச் சொன்னார். புது சோப்பு வாங்கிவரச் சொன்னார். ஆண்கள் புழங்குகிற இடம் என்ற பேச்சே இல்லை.

நான் தட்டச்சைப் பாதியில் விட்டு எழுந்து போய்க் கதவுக்கு வெளியே நின்றேன். அந்த அம்மா வெளியே வந்தார். எனக்கும் அவசரம் போல என்று நினைத்து, இயல்பாக, "இந்தாங்க" என்று சாவியை நீட்டினார். வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். துருப்பிடித்த டப்பா ஒன்று. சொட்டுகிற குழாய். இவ்வளவுதான். இதற்காகத்தான் என் சிறுநீரகம் போய்த் திரும்பியது. அழுகை வருமென்று நினைத்தேன், வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது.

வெளியே வந்தபோது மேலாளர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். சாவியை என் கைப்பைக்குள் போட்டேன்.

"என்ன இது?" என்றார்.

"இத்தனை வருசமா எனக்குக் கொடுக்காத சாவி."

மேலதிகாரியின் மனைவி என்னைப் பார்த்தார். "அப்போ இத்தனை நாளும் எங்க போனீங்க?"

"போகலை."

"அப்படி இல்லைங்கம்மா, பின்வீட்டுல ஏற்பாடு..." என்று மேலாளர் குறுக்கே வந்தார்.

"போகலை" என்று மறுபடியும் சொன்னேன்.

மேலதிகாரி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை, அன்றும் சரி, பிறகும் சரி. அடுத்த வாரம் எனக்கு மெமோ வந்தது, உயரதிகாரி முன்னிலையில் ஒழுங்கீனமாக நடந்துகொண்டதாக. அதற்குள் கடைவீதியில் கொடுத்து இன்னொரு சாவி செய்துகொண்டு, பழையதை அவர் மேஜையில் வைத்துவிட்டேன். அன்றிலிருந்து தண்ணீர் குடித்தேன். மேஜைமேல் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி ஒரு செம்பு வைத்துக் குடித்தேன்.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு மத்தியானம் நான் உள்ளே இருக்கும்போது யாரோ வெளித்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார்கள். கதவைத் தட்டினேன். கூப்பிட்டேன். பத்தடி தூரத்தில் அத்தனை பேரும் இருந்தார்கள், ஒருவரும் எழவில்லை. கடைசியில் சத்தம் கேட்டு, கீழே காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் இருவர் மேலே ஓடி வந்து திறந்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவள் நடு ஹாலில் நின்று, "சோறுதான திங்கிறீக?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள். எல்லாரும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு இரண்டாவதாக ஒரு பெண் வேலைக்கு வந்தாள். அவளுக்கும் ஒரு சாவி செய்து கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். "இதுக்குப் போயா இம்புட்டுச் சண்டை போட்டீங்க? நான்னா நயமாக் கேட்டு வாங்கிருப்பேன்" என்றாள். அவளோடும் எனக்கு ஒத்துவரவில்லை.

மேலாளர் பதவி உயர்வு பெற்று மாறிப் போனார். மருத்துவ பாலிசி நிறையப் பிடித்துக் கொடுத்ததற்குப் பாராட்டாம். பிரிவு உபசார விழாவில் கடவுள் வாழ்த்துப் பாட என்னைக் கூப்பிட்டார்கள். எந்த விழாவானாலும் நான்தான் பாடுவேன், பெண் என்பதால்.

"பாட மாட்டேன்" என்றேன்.

"ஏன் தங்கச்சி, தொண்டை கட்டிருக்கா?" என்றார் செயலாளர்.

"தொண்டை நல்லாத்தான் இருக்கு."

வாழ்த்து இல்லாமலே விழா தொடங்கியது. எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்கள். கடைசியில் மாலையும் கழுத்துமாக அவர் எழுந்து, இங்கே எல்லாரையும் சொந்தப் பிள்ளைகள் போல நடத்தியதாகச் சொன்னார். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "குறிப்பா இந்தப் பொண்ணு. கோவக்காரிதான், ஆனா எனக்கு மக மாதிரி" என்றார். கை தட்டினார்கள்.

நான் எழுந்தேன். ஏதோ நெகிழ்ந்து பேசப் போகிறேன் என்று நினைத்து எல்லாரும் அமைதியானார்கள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "பஸ்சுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தேன். மாடிப்படியில் கால் வைத்தபோது பின்னால் யாரோ, "திமிரு" என்றது கேட்டது. இரண்டு எட்டு திரும்பி வந்து, கதவுக்குள் தலையை நீட்டி, "ஆமா" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.