சிமென்ட் கட்டையில் ஒரு வெடிப்பு

போன வருடம் ஓணம் லீவுக்கு இரண்டு நாள் முன்பு, சக்குபள்ளம் பக்கம் ஒரு பூங்காவில் பெயின்ட் வேலை கிடைத்தது. ஏழாவதோடு பள்ளியை விட்டதிலிருந்து, வேலை இருக்கிற ஊரில் படுத்துக்கொள்கிறவன் நான். அந்த இடம் முன்பு ஓர் ஏலக்காய்த் தோட்ட முதலாளியின் பங்களாத் தோட்டம். இப்போது எல்லாரும் வந்து போகும் பூங்கா. ஓடைக்கு மேலே சின்னப் பாலம். அதன் கைப்பிடி மரக்கட்டை மாதிரியே இருக்கும்: பட்டை, கணு, வெடிப்பு, புழு அரித்த ஓட்டை. எல்லாம் அந்தக் காலத்துக் கொத்தனார் சிமென்ட்டில் செய்தது.

பெயின்ட் அடிக்கும்போது கைப்பிடியில் ஒரு வெடிப்பைப் பார்த்தேன். அதுவும் கொத்தனாரின் கைவேலைதான் என்று நினைத்து, மேலே இரண்டு கோட் அடித்துவிட்டேன்.

லீவு அன்று மழை விட்டு, நல்ல கூட்டம். பூங்காவைப் பெருக்கும் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"ஏ தம்பி, நீ அடிச்ச பெயின்டு ரத்தம் கக்குது, வந்து பாரு."

வெடிப்பிலிருந்து துருத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. கொத்தனார் செய்த வெடிப்பெல்லாம் கட்டையின் நீளவாக்கில் இருந்தது. இது மட்டும் குறுக்கே. உள்ளே கம்பி இற்றுவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. அதே கட்டைமேல் ஒரு தாய் குழந்தையை உட்காரவைத்துப் பிடித்திருக்க, தகப்பன் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். கீழே பாறை.

கத்த வாயைத் திறந்தேன். அக்காவும் அதைப் பார்த்துவிட்டார்; என் தோளை அழுத்தினார்.

"கத்தாத. பதறிப் பிள்ளைய விட்டுருவாக."

வாளியும் துடைப்பமுமாகப் பாலத்துக்கு நடந்தார். "கழுவணும்மா, பிள்ளையத் தூக்கு. ஒவ்வொருத்தரா இறங்குங்க."

"லீவு நாள்லதான் கழுவுவீங்களா?" என்றார் தகப்பன்.

"விருந்தாளி வந்தா உங்க வீட்ல கூட்ட மாட்டீகளா?"

தாய் முணுமுணுத்துக்கொண்டே குழந்தையைத் தூக்கினாள்.

எல்லாரும் இறங்கியதும், ஒரு கடப்பாரையால் அந்தக் கட்டையை லேசாக நெம்பினேன். ஓர் ஆள் நீளத்துக்கு உடைந்து பாறையில் விழுந்தது.

என்னை வேலைக்கு வைத்த மேஸ்திரி வந்து, மழையில் போயிருக்கும் என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். "முந்தாநாளே பார்த்தேன், மேல பெயின்ட் அடிச்சிட்டேன்" என்றேன். அன்றோடு வேலை போனது.

"கண்ணுதான் அவிஞ்சுபோச்சு, வாயி நல்லாத்தான் இருக்கு. சோத்தத் தின்னுட்டுப் போ" என்றார் அக்கா.

எத்தனையோ ஊரில் வேலை போய், யார்மீதாவது கோபத்தோடு பஸ் ஏறியிருக்கிறேன். இந்த ஒரு வேலை போனதற்கு மட்டும், அந்தக் குழந்தை தன் காலால் நடந்து பூங்கா கேட்டைத் தாண்டியதை நினைத்தால், இன்றும் எனக்கு வருத்தமில்லை.