உலகநாதனின் மூன்றாவது டீசல்

இதில் ஒரு வரியைக்கூட நான் சேர்த்துச் சொல்லவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். என் மனைவி வச்சலாவிடம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள். நேரத்தையெல்லாம் நிமிடக் கணக்காகச் சொல்ல என்னால் முடியும். அந்த வாரம் முழுக்க நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். எல்லாமே பட்டப்பகலில் நடந்தது.

என் பெயர் ஆனந்தன். செங்கல்பட்டில் கொளவாய் ஏரிப் பக்கம் வீடு. பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கிறேன். கீழே பட்டறை. மாடியில் என் மாடல் ரயில்.

எட்டடிப் பலகையில் முப்பது வருடத்துக்கு முந்தைய செங்கல்பட்டு ஸ்டேஷனைக் கட்டியிருந்தேன். ஏரி, பிளாட்பாரம், சிக்னல் கம்பம், ஏரிக்கரை ஓரம் தண்டவாளத்தைத் தாண்டிப் போகும் ஒற்றையடிப் பாதை எல்லாம் உண்டு. நிஜத்திலும் அந்தப் பாதை இருக்கிறது. ஊர்க்காரர்கள் குறுக்கு வழியாகப் போவது அதில்தான். வச்சலாவும் பள்ளிக்கூட ஆபீஸ் வேலை முடிந்து தினமும் அந்த வழியாகத்தான் வீட்டுக்கு வருவாள்.

நான்கு வருட உழைப்பு. எஞ்சின் மட்டும்தான் இல்லை. அந்தக் காலத்துக் குறுகிய பாதையில், மீட்டர் கேஜில், ஓடிய டீசல் எஞ்சினின் மாடல் கடையில் கிடைக்காது. யாராவது கையால் செய்தால்தான் உண்டு.

போன வருடம் ஆகஸ்ட் மாதம், மதுராந்தகத்திலிருந்து தீனதயாளன் போன் செய்தான். என்னைப் போலவே ரயில் பைத்தியம்.

"மச்சான், அணுபுரத்துல ஒரு வூட்ல மூணு டீசல் கீதாம். கையால செஞ்சது. செஞ்சவரு ரயில்வே டிரைவரு. செத்துட்டாரு. பொண்ணு எல்லாத்தையும் குடுத்துகினு கீது. சீக்கிரம் போ."

அது செவ்வாய்க்கிழமை. மதியம் 2.40க்கு அந்தக் குவார்ட்டர்ஸ் வாசலில் இருந்தேன்.

கதவைத் திறந்தவர் துர்காதேவி. அணுமின் நிலையத்தில் வேலை. அப்பா உலகநாதன் கடைசிக் காலத்தில் மகளோடு இருந்திருக்கிறார். இறந்து ஆறு மாதம் ஆகிறது.

"இதைப் பாத்தாலே மனசு ஒரு மாதிரி ஆயிடுது சார். உங்களுக்குப் பிடிச்ச ஒண்ணை எடுத்துக்குங்க. மத்த ரெண்டுக்கும் ஆள் இருக்கு" என்றார். டீ போட உள்ளே போனார்.

மேசைமேல் மூன்று எஞ்சின்கள். பக்கத்தில் ஒரு நேர்த் தண்டவாளம், ஓட்டிப் பார்க்க.

முதலாவது ஸ்டேஷனுக்குள் பெட்டிகளை இடம் மாற்றுகிற பச்சை ஷன்டிங் எஞ்சின். அழகு. ஆனால் அந்த வகை எங்கள் லைனில் ஓடியதே இல்லை. இரண்டாவது சிவப்பும் க்ரீமும் அடித்த பெரிய டீசல். பளபளவென்று இருந்தது. ஆனால் படிக்கட்டும் விளக்கும் பிற்காலத்து அமைப்பு. என் பலகையில் நின்றால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

மூன்றாவது மங்கிய சிவப்பு. நடுவில் மஞ்சள் பட்டை. கூரையில் புகைக்கரி, பக்கவாட்டில் எண்ணெய் வழிந்த தடம். முன்னால் தரையை ஒட்டியிருந்த தகட்டின் ஒரு மூலை உள்ளே நசுங்கியிருந்தது. அந்த நசுங்கலையும் உலகநாதன் வேண்டுமென்றே செய்திருந்தார். நிஜ எஞ்சினில் அப்படி இருந்திருக்க வேண்டும்.

மூன்றையும் தண்டவாளத்தில் வைத்து ஓட்டினேன். முதல் இரண்டும் கரகரவென்று நகர்ந்தன. மூன்றாவது வழுக்கிக்கொண்டு போனது. மோட்டார் சத்தமே இல்லை.

துர்காதேவி டீயோடு வந்தார். "எதை எடுத்தீங்க?"

"இதை. மூணுலயும் இதுதான் நல்லா ஓடுது."

அவர் லேசாகச் சிரித்தார். நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்லிவிட்டதைப் போல. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

வீடு வந்து கை கழுவினேன். விரலில் டீசல் வாடை. சோப்பு போட்டும் போகவில்லை.

புதன்கிழமை மாலை அதை என் பலகையில் ஓட்டினேன். ஸ்டேஷனைவிட்டுக் கிளம்பி ஏரி ஓரமாகப் போனது. ஒற்றையடிப் பாதைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. தண்டவாளத்தைத் துடைத்தேன். ஒயரைப் பார்த்தேன். எதிலும் கோளாறு இல்லை. கையால் நகர்த்தப் போனேன்...

ஹார்ன்.

நீளமாக ஒரு ஹார்ன். எங்கள் வீட்டுக்கு ரயில் சத்தம் புதிதல்ல. ஆனால் இப்போது ஓடுவதெல்லாம் மின்சார வண்டிகள். இது கனமான, கரகரத்த, பழைய டீசல் ஹார்ன். ஜன்னல் வழியாக வந்ததா, அறைக்குள் கேட்டதா, தெரியவில்லை. மணி 4.52.

ஐந்து மணிக்கு வச்சலா வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"கூட்ஸ் வண்டி எதுனா போச்சா? லைனைத் தாண்டும்போது பின்னால ஹார்ன் அடிச்சுது. திரும்பினா ஒண்ணும் இல்ல."

நான் பட்டறைக்குள் போய்விட்டேன்.

வியாழக்கிழமை எஞ்சினை ஸ்டேஷனிலேயே நிறுத்தினேன். மின்சாரத்தை அணைத்தேன். அறையைப் பூட்டினேன். கீழே ஒரு பல் செட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மேலே சத்தம்.

டடக்... டடக்... டடக்...

தண்டவாள இணைப்புகளைச் சக்கரம் தாண்டும் சத்தம். மணி 4.50. ஏறிப் போய்ப் பூட்டைத் திறந்தேன். எஞ்சின் ஸ்டேஷனில் இல்லை. பாதை ஓரத்தில் நின்றிருந்தது, நேற்று நின்ற அதே இடத்தில். தொட்டேன். சுட்டது.

மறுபடி ஹார்ன். 4.52.

அன்று வச்சலா வந்தபோது முகமெல்லாம் வியர்வை. "இன்னிக்கும்ங்க. ரொம்பக் கிட்டக்க. முதுகுல காத்து அடிச்சுது."

"நாளைலருந்து ரோடு வழியா வா."

"இருபது நிமிஷம் சுத்து. ஏன்?"

எஞ்சினைப் பற்றி அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வாள். நான்கு வருடம் தேடிக் கிடைத்தது... அந்த ஆசைதான். இன்றுவரை அதை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை 4.40க்கே மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். ஒயரை மொத்தமாகப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். வச்சலாவுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது. எடுக்கவில்லை.

4.46. எஞ்சின் அசைந்தது.

தானாக. மெதுவாக. என் கண்ணெதிரே...

டடக்... டடக்...

ஏரி ஓரம் வந்தது. பாதையை நெருங்கியது. இரண்டு நாளும் நின்ற இடத்தில் நிற்கவில்லை.

தாண்டியது.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். வீட்டிலிருந்து தண்டவாளம் நான்கு நிமிட ஓட்டம். முள் குத்தியது. நிற்கவில்லை.

வச்சலா முதல் தண்டவாளத்தில் ஏறியிருந்தாள். தோளில் பை. அவளுக்கு வலப்பக்கம் வெகு தூரத்துக்கு வெறும் தண்டவாளம்தான். வண்டி எதுவும் இல்லை.

ஹார்ன் அடித்தது.

எனக்கும் கேட்டது. காது அடைத்தது. கால் கீழே சரளைக்கல் அதிர்ந்தது.

அவள் வலப்பக்கம் திரும்பினாள். கண் விரிந்தது. எதையோ பார்த்தாள். தப்பிக்க அடுத்த தண்டவாளத்துக்குத் தாவினாள்.

அதில் இடப்பக்கமிருந்து மின்சார ரயில் வந்துகொண்டிருந்தது.

கத்தினேன். அவளுக்குக் கேட்கவில்லை.

வலப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பையைப் பிடித்து இழுத்தேன்.

விழுந்தோம்.

ரயில் போனது.

வெகுநேரம் இருவரும் சரளையிலேயே கிடந்தோம். என் முழங்கையில் ரத்தம். ஏரிக்காற்றில் டீசல் வாடை. அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"சிவப்பு எஞ்சின்ங்க. அந்த டிரைவர் என்னைப் போ, போன்னு கைய ஆட்டினார்."

அவள் அதுவரை மாடிக்கு வந்து அந்த எஞ்சினைப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை அதைப் பெட்டியில் வைத்து அணுபுரத்துக்குக் கொண்டுபோனேன். துர்காதேவியிடம் நடந்ததை முழுக்கச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எந்த இடம்னு சொன்னீங்க?"

"ஏரி ஓரம். ஒத்தையடிப் பாதை."

"அப்பா தொண்ணூத்தி ஒண்ணுல அங்கதான் கூட்ஸ் ஓட்டிட்டு வந்தார். லைன்ல ஒரு பொம்பளை. ஹார்ன் அடிச்சார். தள்ளிப் போன்னு கைய காமிச்சார். அவங்களும் பயந்து பக்கத்து லைனுக்குப் போயிட்டாங்க. எதிர்ல எலக்ட்ரிக் ட்ரெய்ன் வந்தது..." எஞ்சினைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். "அப்பா மேல தப்பில்லைன்னு எல்லாரும் சொன்னாங்க. அவர் மட்டும் ஒத்துக்கல. நான்தான் அவங்களை அந்தப் பக்கம் அனுப்பினேன்னு சாகிற வரைக்கும் சொல்லிட்டிருந்தார்."

"இந்த எஞ்சின்..."

"அன்னிக்கு அவர் ஓட்டினது. அதை மட்டும் ஓட முடியாத மாதிரிதான் செஞ்சார். சும்மா பார்க்க வைக்கிறதுக்கு. 'நல்லா ஓடுது'ன்னு நீங்க சொன்னப்ப கிண்டல் பண்றீங்கன்னு நினைச்சேன்."

நான் நம்பவில்லை. என் ஸ்க்ரூடிரைவரை எடுத்து அங்கேயே மேல்மூடியைக் கழற்றினேன்.

உள்ளே மோட்டார் இல்லை. ஒயர் இல்லை. வெறும் பித்தளைக் கூடு.

கவிழ்த்துப் பார்த்தேன். ஆறு ஜோடிச் சக்கரம். ஒவ்வொன்றின் அச்சையும் கூட்டோடு சேர்த்து ஈயத்தால் பற்றவைத்திருந்தார். என் பலம் முழுவதையும் கொடுத்துத் திருகினேன். ஒரு மயிரிழைகூடச் சுழலவில்லை.

ஆனால் அந்தச் சக்கரங்களின் விளிம்பு, பன்னிரண்டிலும், சுற்றுவட்டம் முழுக்க, ஓடி ஓடித் தேய்ந்து பளபளத்தது.